கணு இல்லாத குத்தூசி

கொர்தன் என் குத்தூசியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு பாறையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இதுக்குக் கணு எங்க?" என்றான்.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து கூடாரங்களின் ஆட்களும் அங்கே நின்றார்கள். தட்டைப் பாறையின் மேல் தோல் தைக்கும் எலும்புக் குத்தூசிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் செம்மறியின் இடது முன்னங்கால் எலும்பில் செய்தவை. எல்லாவற்றிலும் கூர் ஒரு பக்கமும், எலும்பின் மூட்டுப் புடைப்பான கணு மறுபக்கமும் இருந்தன. ஒவ்வொரு கணுவிலும் அதை வைத்திருப்பவரின் வெட்டுக்கோடுகள். கோடை முழுக்க ஒன்றாக மேய்ந்த மந்தையை நாங்கள் இப்படித்தான் பிரிப்போம். செத்த தாயாட்டின் கணுவில் யார் கோடு இருக்கிறதோ, அதன் பெண்குட்டிகளும் அந்தக் குட்டிகளின் குட்டிகளும் அவரோடு குளிர்காலப் பள்ளத்தாக்குக்குப் போகும். கோடு இல்லாத எலும்பு வெறும் எலும்பு. என்னுடையதில் கோடு மட்டுமல்ல, கோடு போட இடமே இல்லை. கணு இருந்த இடம் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல உருண்டு வழவழவென்று இருந்தது. அதை அப்படித் தேய்த்தவன் கொர்தன். செத்துப்போன என் புருஷனின் அண்ணன்.

"நீங்கதானே தேச்சீங்க, மச்சான்," என்றேன்.

"தேச்சேன். இல்லன்னு சொல்லல. நான் எத்தனையோ எலும்பு தேச்சுக் குடுத்திருக்கேன். ஆனா இது உன் கறுமூக்கியோட எலும்புன்னு இதுல எங்க இருக்கு? இது செம்மறியா வெள்ளாடான்னே எனக்குப் பிடிபடல, தில்மா."

"நக்கிப் பாரு கொர்தா," என்றான் உத்தோ. எந்தக் கூட்டத்திலும் முதலில் வாயைத் திறக்கிறவன் அவன். "வெள்ளாடுன்னா கொஞ்சம் திமிராருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். எங்கள் கூடாரங்களில் பல் விழாத பிள்ளைகூட கணுவைத் தடவி, இது செம்மறி, இது வெள்ளாடு என்று சொல்லிவிடும். கணு இல்லாவிட்டாலும், தண்டு ஒல்லியாக நீண்டிருக்கிறதா, குட்டையாகப் பரந்திருக்கிறதா என்று பார்த்தே கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே நின்ற அத்தனை பேரும் கைப்பழக்கம் உள்ளவர்கள். வசந்தத்தில் கறுமூக்கி செத்த அன்று, பானை அடுப்பில் ஏறுவதற்கு முன், அவர்கள் எல்லோர் கண்ணெதிரிலும்தான் நான் அதன் கணுவில் கல்சில்லால் மூன்று கோடு வெட்டினேன். உத்தோதான் அப்போது ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ பாத்தியே உத்தோ," என்றேன். "காலைப் பிடிச்சதே நீதானே."

அவன் தாடியைச் சொறிந்தான். "நான் காலைப் பிடிச்சேன். ஆனா அந்தக் கால்தான் இந்த ஊசின்னு நான் எப்படிம்மா சொல்றது? வழியில யாரு கூட வந்தா?"

மறுபடியும் சிரிப்பு. இம்முறை கொஞ்சம் சிறியது.

ஆற்றுத்துறையில் என் அக்காவின் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் கணவாயைத் தாண்டி மேற்குப் பக்கம் போகிறவர்கள். நிழல் காலடிக்கு வரும்வரை இருப்போம், அதற்குமேல் பனி விடாது என்று சொல்லியிருந்தார்கள். வருகிறவள் சும்மா வரக்கூடாது, ஆட்டோடு வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதில் தப்பில்லை. ஆடு இல்லாமல் போனால் அங்கேயும் நான் அடுத்தவள் அடுப்பில் சாம்பல் அள்ள வேண்டும். இங்கேயே அதைத்தானே செய்கிறேன். கறுமூக்கியின் வழியில் வந்த ஐந்து செம்மறிகள் இருந்தால், எனக்கும் என் மகள் ஓஷிக்கும் ஒரு கூடாரம், ஒரு அடுப்பு, எங்களுக்கென்று பால். அந்த ஐந்தும் கொர்தனின் கற்பட்டியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் நின்ற இடத்திலிருந்தே அவற்றின் முதுகு தெரிந்தது.

கொர்தன் குத்தூசியை என் கையில் திருப்பி வைத்தான். மெதுவாக, குழந்தைக்குக் கொடுப்பது போல. "மனசுல வெச்சுக்காத. இங்க உனக்கு என்ன குறை? ஒரே அடுப்பு. உன் பிள்ளை என் பிள்ளை."

அதே வார்த்தை. "ஒரே அடுப்பு." அதைத்தான் வசந்தத்திலும் சொன்னான்.

கறுமூக்கி செத்த மறுநாள் கொழுப்புப் பானை சரிந்து என் வலது உள்ளங்கை வெந்துபோனது. தோல் உரிந்து வந்தது. எலும்பைப் பச்சையாக இருக்கும்போதே பிளக்க வேண்டும். காய்ந்தால் கோணலாக வெடிக்கும், கொதிநீரில் விழுந்தால் நொறுங்கும். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் எலும்பில் பள்ளம் கீற முயன்றேன். கல்சில்லு வழுக்கி வழுக்கிப் போனது. அழுகை வந்தது. அப்போதுதான் கொர்தன் வந்து, "குடு, நான் பாத்துக்கறேன்," என்று வாங்கிப்போனான். நாலாம் நாள் கொண்டுவந்து கொடுத்தான். கூர் அவ்வளவு நேர்த்தி. தண்டு பளபளவென்று இருந்தது. கணு மட்டும் இல்லை. எங்களில் யாரும் கணுவைத் தேய்க்க மாட்டோம். அது ஆட்டின் முகம் மாதிரி.

நான் பார்த்ததைப் பார்த்து அவன் சொன்னான்: "வெந்த கையில கணு உறுத்தும்ல. அதான்."

"என் கோடு?"

"எதுக்குக் கோடு? ஒரே அடுப்பு. உன் ஆடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்று நான் அவன்மேல் உருகிப்போனேன். என் புருஷன் பாலெக் கெட்டவன் இல்லை. ஆனால் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து அவன் போகும்வரை, ஒரு முறைகூட என் கை வலிக்குமே என்று நினைத்து எதையும் செய்ததில்லை. பிறந்த கூடாரத்திலும் யாரும் செய்ததில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து, மணற்கல்லில் தண்ணீர் விட்டு, என் உள்ளங்கையின் புண்ணை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு எலும்பின் மேட்டை நாள்கணக்கில் தேய்த்திருக்கிறான். அந்த வழவழப்பை வெந்த கைக்குள் வைத்து மூடும்போது குளிர்ந்த தண்ணீரைத் தொடுவது போல இருந்தது. அவன் போன பிறகு நான் அழுதேன். அவன் மனைவி இஸ்ரு எதிரே உட்கார்ந்து, தைப்பதற்கு நரம்பை வாயிலிட்டு மென்று மெதுவாக்கிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து குத்தூசியை வாங்கிப் பார்த்து, "நல்லா வழவழன்னு இருக்குல்ல," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குத்தூசியால் கோடை முழுக்க நான் அவன் வீட்டுக்குத் தைத்தேன். நன்றிக்காகத் தைத்தேன். அவனுக்கு இரட்டைத் தோலில் அங்கி. அவன் பிள்ளைகளுக்கு மயிர் உள்பக்கம் வைத்த காலுறைகள். ஒரு சொட்டு ஒழுகாத மூன்று தண்ணீர்ப் பைகள். ஆட்டின் தோள்பட்டை எலும்பால் தோலைச் சுரண்டிச் சுரண்டி என் முழங்கை இரண்டும் காய்த்துப்போயின. "தில்மா கை பட்டா மழை உள்ள வராது," என்று கொர்தன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான். கோடையின் நடுவில் அக்காவிடமிருந்து வரச்சொல்லி ஆள் வந்தபோது, போகட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "பாக்கலாம்," என்றான். நான் அதை, சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பாறையை விட்டு நடந்தபோது என்னை அரித்தது ஐந்து ஆடுகள்கூட இல்லை. வசந்தத்தில் அந்தக் கணுவைத் தேய்க்கும்போது அவன் என்ன நினைத்தான் என்பதுதான். உண்மையிலேயே என் கையை நினைத்துத் தேய்த்துவிட்டு, பிறகு நான் போகிறேன் என்றதும் அதைப் பிடித்துக்கொண்டானா? அப்படியானால் அன்றைக்கு என்னை ஒருவன் நினைத்தான் என்பது மட்டுமாவது மிச்சம். ஆடு போனாலும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று என் மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்ட மனதின்மேல் எனக்கு எச்சில் துப்ப வேண்டும் போல இருந்தது.

இஸ்ரு கூடாரத்துக்குப் பின்னால் தோல்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஓஷி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வார்நுனியைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, நாம கெளம்பலியா?"

"நீ போய் உன் அங்கியை எடுத்து வெச்சுக்க," என்றேன். அவள் போனாள்.

"ஏன் அக்கா, நீ வாயைத் திறக்கல?" என்று இஸ்ருவிடம் கேட்டேன். "பாறையாண்டையே வரலியே நீ. வந்தா சொல்லணும்னு பயமா?"

அவள் முடிச்சை இறுக்கினாள். "நான் வந்து சொன்னா மட்டும் உனக்கு ஆடு வந்துருமா?"

"வராது. ஆனா ஒருத்தியாவது சொன்னான்னு இருந்திருக்கும்."

"அதை வெச்சு என்ன பண்ணுவ? பால் கறப்பியா?"

"நக்கல் பண்ணாத அக்கா. இன்னைக்கு எல்லாரும் போதுமான அளவுக்குப் பண்ணிட்டாங்க."

இஸ்ரு கையிலிருந்த வாரைக் கீழே போட்டாள். என்னைவிடப் பத்துக் குளிர்காலம் மூத்தவள். முன்பற்கள் நரம்பு மென்றே தேய்ந்து கட்டையாகிவிட்டன. அந்தப் பற்களுக்கிடையே அவள் பேச்சு எப்போதும் கொஞ்சம் காற்றோடுதான் வரும்.

"உனக்கு என்னடி வேணும்? அவரு கெட்டவருன்னு நான் சொல்லணுமா? எனக்குத் தெரியாததா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு என் கைக்காகத்தானே தேச்சாரு? இப்பதானே புத்தி மாறிச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பைத்தியக்காரி," என்றாள். "உன் ஊசியோட கூரை அவரா தேச்சாருன்னு நெனைக்கிற? பிளந்தது நான். கூர் போட்டது நான். ஆட்டுத்தோலும் சாம்பலும் போட்டுத் தண்டை மெருகேத்துனதும் நான். அவரு கணுவை மட்டும்தான் தேச்சாரு. மூணு நாள் அது ஒண்ணையே தேச்சாரு. 'இவ்வளவு போதும், கை உறுத்தாது'ன்னு நான் சொன்னேன். கோடு இன்னும் தெரியுதுன்னு சொல்லி மறுபடியும் கல்லுல வெச்சாரு."

காற்றில் சாணப்புகை வந்து எங்கள் இருவர் மேலும் விழுந்தது. நான் அழுத அன்று, எதிரே உட்கார்ந்து நரம்பு மென்றுகொண்டிருந்தாள் இவள். வழவழன்னு இருக்குல்ல என்றாள்.

"சொல்லியிருக்கலாமே."

"உனக்கு முகமே மாறியிருந்துச்சுடி அன்னைக்கு. அவ்வளவு சந்தோஷமா நான் உன்னைப் பாத்ததில்ல. எப்படிச் சொல்றது?" பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ போயிட்டா அவ்வளவு தோலையும் நான்தானே தைக்கணும்," என்றாள்.

அதற்கு நான் அவளை அறைந்திருக்க வேண்டும். ஆனால் என் கை ஏற்கெனவே இறுக மூடியிருந்தது. உள்ளே குத்தூசி. நான் திரும்பிக் கற்பட்டிக்கு நடந்தேன். ஓடவில்லை.

கறுமூக்கியின் மூத்த மகள் என்னைக் கண்டதும் தலையைத் தூக்கியது. உப்பு கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்திருக்கும். அதைக் கழுத்தோடு பிடித்து இழுத்து, என் இரு தொடைகளுக்கு இடையே இறுக்கினேன். இடது காதை விரித்து என் உள்ளங்கையில் வைத்தேன். காதுக்குள் சூடாக இருந்தது. மெல்லிய நரம்புகள் தெரிந்தன. நாங்கள் குத்தூசியை உயிருள்ள தோலில் இறக்குவதில்லை. கூடாது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. அப்படிச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். தோலைத் தைக்க வேண்டுமென்றால் முதலில் ஆடு சாக வேண்டும். நான் கூரை வைத்து அழுத்தினேன். காது முதலில் வளைந்துகொடுத்தது, பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. கூர் மறுபக்கம் வந்து, வெந்து ஆறிய என் தழும்பிலும் ஏறியது. ஆடு கத்தியது. குத்தூசியைச் சுழற்றி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு உருவினேன்.

இரண்டாவதும் கத்தியபோது ஆட்கள் பாறையிலிருந்து வர ஆரம்பித்தார்கள். மூன்றாவதன் காதில் இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. அந்த ஆட்டிடம் மட்டும் மன்னிப்பு கேட்டேன்.

"என்ன பண்றா இவ?" என்றது உத்தோவின் குரல். "உசுரோட இருக்குதே அது."

யாரும் சிரிக்கவில்லை. பட்டிச்சுவரின் மறுபக்கம் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கண்ணைக் கையால் மூடினாள். கொர்தன் மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே காலை வைத்தான். வைத்தவன், என் கையையும் ஊசியில் வழிந்ததையும் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். நான் தைத்த அங்கியைத்தான் போட்டிருந்தான்.

"தில்மா, அதைக் குடு. நீ உன் நெனைப்புல இல்ல."

நான்காவது ஆட்டின் காதைத் துளைத்துவிட்டு அதைப் பிடித்த பிடியிலேயே அவன் பக்கம் திருப்பினேன். ரத்தம் காதின் விளிம்பில் சேர்ந்து சொட்டியது. ஓட்டை வழியாக அவனுடைய அங்கியின் மயிர் தெரிந்தது.

"தேய்ங்க மச்சான்," என்றேன். "கல்லை எடுத்துட்டு வாங்க. தண்ணியை ஊத்தி இந்தக் காதையும் தேய்ங்க. மூணு நாள் ஆகுமா? நான் இருக்கேன். புடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க தேய்ங்க."

இவ்வளவுக்குப் பிறகும் என் வாய் "ங்க" போட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"புண்ணு ஆறிடும்," என்றான் அவன் தாழ்ந்த குரலில்.

"ஆறட்டும். ஓட்டை இருக்கும்."

சுவருக்கு அப்பால் உத்தோ ஒரு அடி பின்னால் நகர்ந்தான். நிழல்கள் எல்லோருடைய காலடியிலும் சுருங்கிவிட்டன. ஆற்றுத்துறைப் பக்கம் நாய்கள் குரைத்தன. மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்திருப்பார்கள். ஐந்தாவது, சின்னது, கறுமூக்கி சாகும்போது ஈன்றது, சுவர் மூலையில் ஒண்டியிருந்தது. அதை நான்தான் விரல் சப்பக் கொடுத்து வளர்த்தேன். அது என்னிடமே பயந்து ஒதுங்கியது. பிடித்தேன். காதில் கூரை வைத்ததும் அது தலையை ஒரே வெட்டாக வெட்டியது. குத்தூசி என் கைக்குள்ளேயே இரண்டாக உடைந்தது. கூர்ப்பாதி சாணத்தில் விழுந்தது. வழவழப்பான உருண்டை மட்டும் என் கையில் மிஞ்சியது. குட்டியின் காதில் ஒரு கீறல்கூட இல்லை.

கொர்தன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இதோட விடு," என்றான். "போதும். நாலைக் கறைப்படுத்திட்ட. இது என் குட்டி."

அப்போது யாரோ சுவரேறிக் குதிக்கும் சத்தம். இஸ்ரு. அவள் யாரையும் பார்க்கவில்லை, புருஷனைக்கூட. நேராக வந்து முழங்காலிட்டு, குட்டியின் கழுத்தைத் தன் இடது கக்கத்தில் இடுக்கினாள். வலது கையால் இடுப்பு வாரில் செருகியிருந்த தன் குத்தூசியை உருவினாள். அவளுடைய செத்த ஆடு ஒன்றின் எலும்பு. பழையது, தேன் நிறம் ஏறியது. கணு புடைத்துக்கொண்டிருந்தது. அதில் அவள் கோடுகள் நான்கு, அழுக்கேறிக் கறுத்திருந்தன. இனி அது உயிர்த்தோலைத் தொட்ட ஊசி. எந்தப் பாறையிலும் அதை வைத்து அவள் ஆடு கேட்க முடியாது.

கணு என் பக்கம் வரும்படி நீட்டினாள்.

"இஸ்ரு," என்றான் கொர்தன்.

"சீக்கிரம் புடிடி," என்றாள் அவள் என்னிடம். "துள்ளுது. எனக்குக் கை வலிக்குது."

நான் அவளை மன்னிக்கவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை. கட்டைப் பற்களைக் கடித்துக்கொண்டு குட்டியை அமுக்கியிருந்தாள். எங்களைச் சுற்றி நான்கு செம்மறிகளும் நிற்காமல் தலையை உதறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு உதறலுக்கும் சிவப்புப் பொட்டுகள் சிதறி, சுவரின் கற்கள்மேலும், இஸ்ருவின் நரைத்த முடிமேலும், கொர்தனின் அங்கியில் நான் போட்ட தையல்கள்மேலும் விழுந்தன.